கொசுக் கவிதையும் அரசு வேலையும்

ஓட்டா நன்போ (1749–1823) எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், கடைநிலை சாமுராய் வீட்டில் பிறந்தவர். வேலையோ அரசாங்கத்தில், கையிலோ நக்கல் கவிதை. 31 அசைகளில் பெரிய மனிதர்களையும் பழைய கவிதைகளையும் கிண்டலடிக்கும் 'கியோக்கா'வில் அந்த ஊரே அவர் பின்னால் போனது. 1767-ல், இன்னும் இருபதைத் தொடாத பையன், தூக்கக் கலக்க வாத்தியார் என்ற பெயரில் ஒரு நக்கல் நூலைப் போட்டுவிட்டார்!

அப்புறம் 1787-ல் மட்சுடைரா சதனோபு ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார். படிப்பு, போர்ப்பயிற்சி, சிக்கனம் என்று ஒரே கெடுபிடி. அந்தப் படிப்பு-பயிற்சி கோஷம் ஜப்பானிய மொழியில் 'புன்பு'. கொசு ரீங்காரமும் கிட்டத்தட்ட அதே ஓசைதான். 'புன்பு புன்பு' என்று கத்தித் தூங்கவிடாத கொசுவைப் போலத் தொல்லை வேறில்லை என்று ஒரு கவிதை ஊரெங்கும் பரவ, எல்லாரும் நன்போவைக் கைகாட்டினார்கள். நான் எழுதவில்லை என்றார் மனிதர். (எழுதியிருந்தாலும் அப்படித்தானே சொல்லியிருப்பார்?)

நக்கலை மூட்டை கட்டிவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். நாற்பது வயதைத் தாண்டி 1794-ல் அரசுத் தேர்வு எழுதித் தன் பிரிவில் முதலிடம். 1801-ல் ஒசாகா செம்பு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போனதும் பழைய குணம் எட்டிப் பார்த்தது. செம்புக்குச் சீனத்தில் வழங்கிய ஒரு பெயரை எடுத்து 'ஷொகுசன்ஜின்' என்று புதுப் புனைபெயர் வைத்துக்கொண்டு மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார்.