ஒரு எம் புக்கைப் பார்க்க ஐந்து மாதம்

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். மேட்டிலிருந்து ஆரம்பித்து, கடைசி மூன்று வாசல்களுக்கு முன்னால் பொட்டென்று நின்றுவிட்டது. அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. முதல் மழையிலேயே தெருத் தண்ணீர் மொத்தமும் எங்கள் வாசலில் வந்து கொட்டியது.

அந்தக் கோபத்தோடுதான் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மனு எழுத உட்கார்ந்தேன். வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பெறுநர் இடத்தில் 'பொதுத் தகவல் அலுவலர்'. கீழே ஐந்து கேள்வி. வடிகால் ஏன் பாதியில் நின்றது? இதற்கு யார் பொறுப்பு? மீதியை எப்போது கட்டுவீர்கள்? இப்படியே போகும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். சட்டப்படி 30 நாள். 29-ஆம் நாள் பதில் வந்தது, ஒரே பத்தி. நான் கேட்டவை கேள்வி வடிவில் இருப்பதால் பிரிவு 2(எஃப்) சொல்லும் 'தகவல்' ஆகாதாம்.

தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டத்தை எடுத்துப் படித்ததும் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடு, கோப்புக் குறிப்பு, ஒப்பந்தம், அறிக்கை இவற்றைத்தான் நாம் கேட்க முடியும். 'ஏன்' என்பதற்கான பதில் ஏதாவது ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாளைக் கேட்கலாம். நமக்காக அவர்கள் புதிதாக ஒரு விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை. சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே இதைச் சொல்லிவிட்டது. மாணவருக்கு அவருடைய விடைத்தாளைக் காட்டச் சொன்ன அதே தீர்ப்புதான்.

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் இதைப் புலம்பியபோது அவர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, எம் புக் கேட்டீங்களா?"

எம் புக் என்றால் அளவுப் புத்தகம். எந்தக் கட்டுமானப் பணியிலும் பொறியாளர் நேரில் அளந்து நீளம், அகலம், ஆழம் என்று கட்டம் கட்டமாக எழுதும் நோட்டு. பக்கங்களுக்கு எண் உண்டு. அழிக்கக் கூடாது, தப்பாகிவிட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அதில் ஏறும் அளவை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்கு பில் போடுவார்கள். "ஏன் கட்டலன்னு கேக்காதீங்க. எவ்வளவு கட்டினதா எழுதியிருக்குன்னு பாருங்க" என்றார்.

இரண்டாவது மனுவில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. பணியின் மதிப்பீடு, பணி ஆணை, எம் புக்கில் அந்தப் பணிக்கான பக்கங்கள், இறுதி பில் ஆகியவற்றின் சான்றிட்ட நகல். கூடவே பிரிவு 2(ஜே)-யின் கீழ் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. காரணம் எதுவும் எழுதவில்லை. பிரிவு 6(2)-ன்படி ஏன் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் மனுவில் என் வாசல் கதையை அரைப்பக்கம் எழுதியிருந்தேன், வீண்.

நான்காவது நாள் ஒரு போன். "சார், மனு போட்டிருக்கீங்களே... நேர்ல வாங்க, பேசிக்கலாம். உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" குரலில் மிரட்டல் இல்லை, அலுப்புதான். எழுத்தில் கொடுத்தால் போதும் சார் என்றேன். மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஆவணங்கள் வேறோர் அலுவலகத்தில் இருப்பதால் பிரிவு 6(3)-ன்படி மனுவை அங்கே அனுப்பிவிட்டார்களாம். அப்படி மாற்றுவதற்குச் சட்டம் தரும் அவகாசம் ஐந்தே நாள். அந்த அலுவலகமோ 'எங்களுக்குத் தொடர்பில்லை' என்று மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டது. பந்து இங்குமங்கும் போய்க்கொண்டிருக்க, கெடு முடிந்துபோனது.

கெடுவுக்குள் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கணக்கு. பிரிவு 19(1)-ன்படி முதல் மேல்முறையீடு போட்டேன். இது அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்குப் போவது. அவங்க ஆளை அவங்களே என்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. ஆனால் விசாரணைக்குப் போன அன்று மேலதிகாரியான அந்த அம்மா தகவல் அலுவலரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "பில் பாஸ் பண்ணது நாமதானே? அப்புறம் எம் புக் எப்படி வேற ஆபீஸ்ல இருக்கும்?" அவரிடம் பதில் இல்லை. கோப்பைக் காட்டவும், 15 நாளில் நகல் தரவும் உத்தரவு. இதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது, நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் போடலாம். எனக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

பார்வையிடப் போனபோது ஓர் உதவியாளர் கோப்பைப் பிரித்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். முனை மடங்கிய நீள நோட்டு. அந்தப் பக்கத்தில் இரண்டு வரி. முதல் வரியில் நீளம் 84 மீட்டர், நீல மை. கீழே 28 மீட்டர், கறுப்பு மை. இரண்டுக்கும் ஒரே தேதி. கூட்டுத்தொகை 112 என்று எழுதிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். வீட்டு டேப்பை வைத்து நான் ஏற்கெனவே அளந்திருந்தேன். தரையில் இருப்பது 84. உதவியாளர் நான் பார்க்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறு தெருவின் அளவு தவறி இங்கே ஏறியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் பில் 112 மீட்டருக்குப் போயிருக்கிறது.

அடுத்து வந்தது 46 பக்கத்துக்கு 92 ரூபாய் கட்டச் சொல்லி ஒரு கடிதம். கெடு தாண்டினால் நகல் இலவசம், பிரிவு 7(6). இரண்டு வரியில் அதை எழுதி அனுப்பினேன். 92 ரூபாய்க்காகவா என்று வீட்டில் சிரித்தார்கள். கட்டினால் தாமதமே நடக்கவில்லை என்று ஆகிவிடும் என்பது என் பிடிவாதம். இன்னொன்று, அந்தக் கடிதத்தில் தேதி 3 என்று இருந்தது, உறையில் தபால் முத்திரை 19. அன்றிலிருந்து எந்த உறையையும் நான் கிழித்துப் போடுவதில்லை, கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வைக்கிறேன். நமக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான் மேல்முறையீட்டுக் கெடு ஓடும். கடிதத்தில் போட்ட தேதியை நம்பினால் பதினாறு நாள் போயிருக்கும்.

46 பக்கமும் இலவசமாக வந்தன, ஒவ்வொன்றிலும் 'உண்மை நகல்' முத்திரையோடு. எம் புக் பக்கத்தை மேலே வைத்து, 28 மீட்டரை நேரில் அளந்து பார்க்கும்படி ஒரு புகார் மனு கொடுத்தேன். ஒரு மாதமாகச் சத்தமில்லை. போன திங்கட்கிழமை மூன்றாவது ஆர்டிஐ போட்டிருக்கிறேன். 'என் புகார் மனு மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் சான்றிட்ட நகல்.' அந்த ஒரு வரிதான்.