ரேட் சொல்லத் தெரியணும் என்று லேத் படித்தேன்

கோவை கணபதிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற லேத்துகள் சில, ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங், மூலையில் பெஞ்ச் கிரைண்டர். பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர் செய்கிறோம். பி.காம். முடித்துவிட்டு நான் அங்கே பில் போட்டுக்கொண்டும் ஜி.எஸ்.டி. பார்த்துக்கொண்டும் இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபிறகு ரேட் சொல்வதும் என் தலையில் விழுந்தது. பார்ட்டி டிராயிங்கை விரித்து, "பீஸுக்கு எவ்வளவு போடலாம்ங்க?" என்று கேட்பார். பழைய பில்லைப் புரட்டி, ஏறக்குறைய ஒரு தொகையைச் சொல்லி அனுப்புவேன். அந்த வேலை மெஷினில் எப்படி நடக்கிறது, எங்கே நேரம் போகிறது என்று தெரியாமல் எத்தனை நாள் இப்படி ஓட்டுவது? லேத்தைப் படித்துவிடுவது என்று இறங்கினேன்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணா ஐ.டி.ஐ.யில் டர்னர் (லேத் வேலை) படித்தவர், அப்பா காலத்து ஆள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "மொதல்ல அரம் புடி பாப்பா. லேத் எங்கியும் ஓடிப் போயிராது."

எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கட்டை ஒன்றை வைஸில் கட்டிக் கொடுத்து, ஒரு முகத்தைச் சமமாக ராவச் சொன்னார். சமம் என்றால் டிரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக்கூடாது. அரம் முன்னால் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும், திரும்பும்போது அழுத்தினால் பல் மழுங்கும். வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடவே கூடாது, வால்முனை உள்ளங்கையில் இறங்கிவிடும். இதெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கோ நடுவில் மேடும் ஓரத்தில் பள்ளமுமாகத்தான் வந்தது. பல நாள் தோள் வலித்தது. லேத் ஓட்டுகிறவளுக்கு அரம் எதற்கு என்று அப்போது புரியவில்லை. இரும்பு எவ்வளவு விட்டுக்கொடுக்கும், எந்தச் சத்தத்தில் வெட்டுகிறது, எந்தச் சத்தத்தில் வெறுமனே தேய்கிறது என்று கைக்குத் தெரிய அதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.

அடுத்து அளவு. வெர்னியரில் 0.02 மி.மீ. வரை படிக்கலாம், மைக்ரோமீட்டரில் 0.01. அளவெடுக்கப் பழகுவது பெரிய காரியமில்லை. அளவை எப்போது எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பம்ப் ஷாஃப்டில் 6205 பேரிங் உட்காரும் இடம். பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. டிராயிங்கில் ஷாஃப்டுக்கு கே6 ஃபிட் (பேரிங் இறுக உட்காருவதற்கான அளவு வரம்பு) கேட்டிருந்தால், அளவு 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மொத்தமே 13 மைக்ரான், அதாவது 0.013 மி.மீ. இடம். கடைசிக் கட் முடிந்த சூட்டோடு மைக்ரோமீட்டரை வைத்தால் 25.010 காட்டும், மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அந்த ஷாஃப்ட் 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், ஆறும்போது ஏறக்குறைய 9 மைக்ரான் சுருங்கிவிடும். கேட்ட ஃபிட் போச்சு. ஆறும்வரை காத்திருக்கிற நேரத்தை நான் அதுவரை எந்த ரேட்டிலும் சேர்த்ததில்லை.

லேத் முன்னால் நிற்கும் நாள் வந்தபோது முதல் பாடம் உடுப்பு. சுடிதார் ஷால் ஆபீஸ் ரூமிலேயே நின்றுவிட்டது. வளையல், மோதிரம், கழுத்துச் செயின், கோயில் கயிறு எல்லாம் டிராயருக்குள் போயின. தலைமுடியைக் கொண்டை போட்டு, தொப்பிக்குள் அடக்க வேண்டும். வெறுங்கையோடு மெஷினில் நிற்காதே என்று அம்மா சொன்னாள், வளையலைத்தான் சொன்னாள். அண்ணா போய் அவளிடம் பேசிவிட்டு வந்தார், என்ன பேசினார் என்று தெரியாது, அதற்குப் பிறகு அம்மா வாயே திறக்கவில்லை. செருப்புக்குப் பதில் ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி. கையுறை மட்டும் கூடாது. புதிதாக வருகிற எல்லோரும் இதில் குழம்புகிறார்கள், நானும் கேட்டேன். பீஸைக் கவ்விச் சுற்றுகிற சக்கில் வெறும் விரல் பட்டால் தோல் போகும். கையுறையின் நுனி மாட்டினால் அது கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரான பீஸைத் தூக்கி வைக்கும்போது கையுறை போடலாம், மோட்டார் ஓடும்போது கழற்றிவிட வேண்டும்.

பிறகு சக். வட்ட ராடு என்றால் மூன்று ஜா (கவ்வும் தாடை) உள்ள சக்கில் பிடித்தால் தானாகவே சென்டருக்கு வந்து நிற்கும். வார்ப்பு பீஸ், சதுரக் கட்டை, ஏற்கெனவே ஓட்டிய வேலையை மறுபடி பிடிப்பது என்றால் நான்கு ஜா. அதில் ஒவ்வொரு ஜாவும் தனித்தனியாக நகரும். ஸ்பிண்டிலை நியூட்ரலில் போட்டு, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜின் முனையைப் பீஸில் தொட வைத்து, சக்கைக் கையால் திருப்பி எதிரெதிர் ஜா இரண்டைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 0.40 மி.மீ. கூடக் காட்டினால் பீஸ் நகர வேண்டியது 0.20. குறைவாகக் காட்டும் பக்கத்து ஜாவை முதலில் கொஞ்சம் தளர்த்தி, கூடக் காட்டும் பக்கத்தை இறுக்க வேண்டும். பிறகு அடுத்த ஜோடி. அதைச் சரி செய்தால் முதல் ஜோடி லேசாகக் கலைந்திருக்கும், திரும்ப அங்கே. அண்ணா பேசிக்கொண்டே சில நிமிஷத்தில் முடிப்பதை நான் அரை மணிக்கு மேல் செய்தேன். அந்த அரை மணியில் ஒரு பீஸ்கூட வெளியே வரவில்லை.

சக் கீயைப் பற்றி ஒரே சட்டம்: கையை எடுத்தால் கீயும் சக்கை விட்டு வந்துவிட வேண்டும். ஒரு நொடிக்குக்கூட மாட்டி வைக்கக்கூடாது. மறந்து சுவிட்சைப் போட்டால் அது எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு மறுநாள் இன்னொரு வேலையும் உண்டு. மெஷினுக்குப் போட்ட மாலை, வாழைக்கன்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் மெயினைப் போடுவார்கள்.

டூல் சென்டர், அதாவது வெட்டுகிற டூலின் முனை ராடின் நடு உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்கிற முறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மெஷினை நிறுத்தி, ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, டூலைத் தாங்கும் கிராஸ் ஸ்லைடை மெதுவாக நெருக்க வேண்டும். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. சென்டர் தப்பினால் ஃபேஸிங் (ராடின் முகத்தைச் சீவுவது) முடியும்போது நடுவில் ஒரு குமிழ் மிஞ்சும். பார்ட்டிங்கில் (ராடைத் துண்டாக அறுப்பதில்) டூல் தாழ்ந்திருந்தால் நிலைமை மோசம், வேலை டூலின் மேலேயே ஏறி உட்காரப் பார்க்கும்.

வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் எம்.எஸ். வெட்ட நிமிஷத்துக்கு 25 முதல் 30 மீட்டர். அதை ஆயிரத்தால் பெருக்கி, விட்டத்தாலும் 3.14-ஆலும் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். 25 மி.மீ. ராடுக்கு ஏறக்குறைய 350, 100 மி.மீ. என்றால் 90-க்குப் பக்கம். கார்பைட் டூல் இதைப்போல் பல மடங்கு தாங்கும். நம் பழைய கியர் பாக்ஸில் சரியாக அந்த எண் இருக்காது, அடுத்துக் கீழே இருப்பதைப் போட வேண்டும்.

எம்.எஸ். வெட்டும்போது சுருள் சுருளாக நீளமாக வரும். பார்க்க அழகுதான், ஆனால் ஓரம் பிளேடு, நல்ல சூடு, சக்கில் சிக்கினால் சாட்டையாகச் சுழற்றும். அதைக் கையால் இழுப்பதோ, பனியன் வேஸ்டை வைத்துப் பிடிப்பதோ கூடாது. மெஷினை நிறுத்தி, கொக்கியால் எடுக்க வேண்டும். அண்ணா அதோடு விடவில்லை. "சுருளு நீளமா வருதுன்னா அது உங்கிட்ட என்னமோ சொல்லுது. ஃபீடு பத்தலை, இல்ல டூல்ல சிப் பிரேக்கர் இல்ல." ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தைக் கூட்டினோம், துண்டு துண்டாக உடைந்து டிரேயில் விழுந்தது. காஸ்ட் அயர்ன் என்றால் சுருளே வராது, தூள்தான். அது லேத்தின் அடிப்பாகமான பெட்டில் படிந்து ஆயிலோடு கலந்தால் ஸ்லைடைத் தின்றுவிடும். ஏர் கன்னை அடித்து ஊதினால் தூள் ஸ்லைடுக்குள்ளும் புகும், கண்ணுக்குள்ளும் புகும். பிரஷ்தான்.

பாதுகாப்பு என்று தனியாக ஒரு வகுப்பை அண்ணா எடுத்ததே இல்லை. டூலை நீட்டாமல் குட்டையாகப் பிடி என்பார்; அதிர்வு இல்லாமல் ஃபினிஷ் வரும், டூலும் உடைந்து தெறிக்காது. ராடு சக்குக்கு வெளியே விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீண்டால் டெயில்ஸ்டாக் (மறுமுனைத் தாங்கல்) கொடு என்பார். ஒரு முனை பெருத்து டேப்பர் விழாது, ராடும் துள்ளாது. சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ராடை மட்டும் நான் அதுவரை கவனித்ததே இல்லை. தாங்கல் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் அது வளைந்து, பின்னால் நடக்கிற ஆளை அடித்துவிடும். எந்தப் பழைய பட்டறையில் வேண்டுமானாலும் கேளுங்கள், இந்தக் கதை ஒன்று இருக்கும்.

கிரைண்டரும் டிரில்லிங்கும் சின்ன மெஷின் என்று யாரும் மதிப்பதில்லை. எனக்கு லேத்தைவிட அவற்றிடம்தான் பயம். புது வீல் மாட்டுமுன் தூக்கிப் பிடித்து மரக்கைப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் விரிசல், தூக்கிப் போட்டுவிட வேண்டும். வீலில் எழுதியிருக்கும் ஆர்.பி.எம். மோட்டாருடையதைவிடக் குறையக்கூடாது. டூல் ரெஸ்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள். சுவிட்சைப் போட்டதும் ஒரு நிமிஷம் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். டிரில்லிங்கில் பீஸைக் கையால் பிடிக்கவே கூடாது, அதிலும் தகடு. டிரில் மறுபக்கம் துளைத்து வெளியேறும் அந்த நொடியில் பீஸைக் கவ்விச் சுழற்றிவிடும்.

எமரி ஷீட் பற்றிப் பட்டறையில் சண்டையே வந்தது. ஷாஃப்டைப் பாலிஷ் பண்ண எமரியை விரலில் சுற்றிப் பிடிப்பது எங்கள் ஆட்களில் ஒருவருக்குப் பழக்கம். எத்தனையோ வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். இரண்டு முனையையும் தனித்தனிக் கையில், சுற்றாமல் பிடிக்க அவருக்கு மனசு வரவில்லை. நேரம் கூட ஆகிறது என்றார். அங்கேதான் எனக்கு உறைத்தது. அவருக்குப் பீஸ் ரேட், செய்கிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்த ரேட்டை எழுதுவது நான்.

அளவெடுக்க மெஷினை நிறுத்தாமல் ஓடுகிற வேலையில் வெர்னியரைத் தொடுவது, கட்டை போட்டுக் கட்டாமல் டிரில் போடுவது, கார்டை (பாதுகாப்பு மறைப்பை) கழற்றி வைப்பது எல்லாம் நேரத்தை மிச்சம் பிடிக்கிற வேலைகள். சோம்பேறித்தனம் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது எங்கள் கொட்டேஷனில் செட்டிங் சார்ஜ் தனி வரியாக வருகிறது. டைட் அளவு கேட்கும் டிராயிங்குக்கு அளவெடுக்கிற நேரமும் சேர்கிறது. "செட்டிங்குக்கு எதுக்குங்க தனியாக் காசு?" என்று கேட்ட ஒரு பார்ட்டியை நான்கு ஜா சக்கின் பக்கத்தில் நிற்க வைத்து டயல் போடுவதைக் காட்டினேன். ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் அடுத்த சந்துக்குப் போனவர்களும் உண்டு.

செலவு செய்ததில் பெரியது சுவிட்ச்தான். பழைய லேத் ஒன்றில் முன்னும் பின்னும் திருப்பும் வெறும் டிரம் சுவிட்ச் இருந்தது. ஓடும்போது கரண்ட் போய், திரும்ப வந்தால் மெஷின் தானாகவே ஓடும். சக்குக்குள் யார் கை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பட்டன் வைத்த ஸ்டார்ட்டராக மாற்றினோம். கரண்ட் போனதும் உள்ளே இருக்கும் கான்டாக்டர் என்கிற மின்காந்த சுவிட்ச் விழுந்துவிடும், மறுபடி பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். கூடவே கைக்கு எட்டுகிற இடத்தில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன். மின்வெட்டுக்குப் பேர்போன வருஷங்களை இந்தப் பழைய சுவிட்சோடு எப்படித் தாண்டினார்கள் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை இந்தச் சாக்கில் படித்தேன். 21ஆம் பிரிவு சுற்றும் பாகங்களுக்கு வேலி கேட்டது. 22ஆம் பிரிவின்படி, ஓடும் மெஷினைச் சோதிக்க வேண்டி வந்தால் பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளிதான், அதுவும் உடம்போடு ஒட்டிய உடுப்போடு செய்ய வேண்டும் என்றிருந்தது. பெண்களும் சிறுவர்களும் ஓடும் பாகங்களைத் துடைக்கவோ ஆயில் விடவோ கூடாது என்றும் இருந்தது. அண்ணாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஆம்பளைக்கு மட்டும் வெரலு திரும்ப மொளைக்குமாக்கும்?" என்றார். நிறுத்திவிட்டுத் துடைப்பது என்பது எங்களிடம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ராத்திரி தனியாக மெஷின் ஓட்டுவதையும் நிறுத்திவிட்டோம். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில், படிப்பு முடியும் தறுவாயில் இருந்த மாணவி ஒருவர் ராத்திரி நேரம் தனியாக லேத்தில் வேலை செய்தபோது முடி சிக்கி இறந்துபோனார். அத்தனை வசதியுள்ள இடத்திலேயே சுவிட்சை அணைக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. அவசர ஆர்டர் என்று பார்ட்டி நெருக்கினால் இரண்டு பேருக்கு ஓவர்டைம் போட்டுத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

என்னை மாதிரி வீட்டிலேயே பட்டறையும் ஃபோர்மேனும் வாய்க்காதவர்களுக்கு ஐ.டி.ஐ.தான் நேர்வழி. டர்னர், மெஷினிஸ்ட் இரண்டுமே 2 வருஷப் படிப்பு, பெண்களும் சேரலாம். நேராக சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) படித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். படிக்கலாம், ஆனால் டூல் தேய்ந்ததைச் சத்தத்தில் கண்டுபிடிக்க, கையால் ஓட்டும் லேத்தில் கொஞ்ச காலம் நின்றிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் இப்போது த்ரெட் (திருகு மரை) வெட்டப் பழகுகிறேன். டூலை நகர வைக்கும் ஹாஃப் நட்டைச் சரியான கோட்டில் போட்டு, ராடு தடிக்கும் ஷோல்டரில் இடிக்குமுன் எடுத்துவிட வேண்டும். அண்ணா இன்னும் மிகக் குறைந்த ஆர்.பி.எம்.மைத் தாண்ட விடவில்லை. த்ரெட்டிங் வேலைக்கு நான் போட்டுவந்த பழைய ரேட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாராச்சும் செஞ்சு குடுத்தா நானும் அவங்ககிட்டயே குடுத்துர்றேன் பாப்பா" என்கிறார்.