ஜெலி இறுகாத கிழமை

ஜூன் 5, வியாழன்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானம் ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். திருகோணமலையில், கடலுக்குக் கிட்ட டைக் வீதியில் இருந்துகொண்டு காற்றில்லை என்று சொன்னால் ஊர் சிரிக்கும், ஆனால் இந்தக் காற்று கடலில் இருந்து வருவதில்லையே, தரைப் பக்கத்தால் காய்ந்து கருகி வருகிறது. அம்மாவுக்குச் சோறு இறங்குதில்லை. "குளிரா ஏதும் செய் பிள்ளை" என்றார். வேலை முடிந்து வரும்போது சந்தையில் ஒரு அன்னாசி வாங்கினேன், 300 ரூபா, மணம் வாசலில் நிற்கும்போதே மூக்கில் ஏறியது. பக்கெட்டில் விற்கிற ஜெலித் தூளைக் கரைத்து, அன்னாசியைப் பச்சையாகவே சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டு பிரிட்ஜில் வைத்தாயிற்று.

இந்த வருடம் 24 புத்தகம் வாசிப்பதாக ஜனவரியில் எழுதி வைத்திருந்தேன். ஆறாம் மாதம் பிறந்துவிட்டது, முடித்தது மூன்று. காரணம் நடுவீட்டில் இருக்கும் ரீவிதான். ஆறரைக்குப் போட்டால் பத்து மணிக்குத்தான் வாய் மூடும், அந்தச் சத்தத்துக்குள் யார் வாசிப்பது?

ஜூன் 6, வெள்ளி

விடிய எழும்பிப் பார்த்தால் ஜெலி இறுகவே இல்லை. பன்னிரண்டு மணித்தியாலம் குளிரில் இருந்தும் சிவப்புத் தண்ணீருக்குள் அன்னாசி மிதக்கிறது. கண்ணாடிக் கோப்பையைச் சரித்தேன், அலை அடித்தது. பிரிட்ஜில்தான் பிழை என்று நினைத்து மேல்தட்டில் கை வைத்துப் பார்த்தேன், விறைத்தது. அப்புறம் கனடாவில் இருக்கும் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், "நான் எத்தனை தரம் செய்திருக்கிறேன், எனக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்லை" என்கிறாள். அவள் போடுவது டின் அன்னாசி. விஷயமே அதில்தான் இருக்கிறது. பச்சை அன்னாசியில் புரோமலின் என்றொரு நொதியம் இருக்கிறது, அது புரதத்தை அரித்துவிடும். பக்கெட் ஜெலியை இறுக்குகிற ஜெலற்றினும் புரதம்தான். டின்னில் அடைக்கும்போது சூடாக்குவதால் அந்த நொதியம் செத்துப்போகிறது, ஆகவே அக்காவின் ஜெலி இறுகுகிறது. பப்பாப்பழமும் இதே வேலையைச் செய்யுமாம். முந்தி ஒருமுறை பாலும் அன்னாசியும் அடித்துக் கொஞ்ச நேரம் வைத்தபோது கைத்துப்போனதே, அந்தக் கைப்புக்கும் காரணம் இதுதான்.

இவ்வளவையும் அம்மாவுக்கு விளக்கினேன். "அன்னாசியை ஒரு கொதி அவிச்சுப் போட்டிருந்தா சரியே" என்றார், நொதியமாவது மண்ணாவது என்கிற முகத்தோடு. நேற்றே சொல்லியிருக்கலாம்.

ஐஸ்கட்டி போட்டுக் குடித்து முடித்தோம். தோலை இரவு மதில் ஓரம் போட, இரண்டு புள்ளி மான்கள் வந்தன. கோட்டைப் பக்கமும் பஸ் நிலையத்தடியிலும் திரிகிறவை, பழத்தோல் என்றால் எங்கள் ஒழுங்கை வரை வரும். ஒன்று அன்னாசித் தோலை வாயில் எடுத்து, முள் குத்தியதோ என்னவோ, தலையை உதறிவிட்டு மறுபடி எடுத்தது.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்து வீட்டு ராத்தா வட்டிலப்பம் கொண்டுவந்தார், மேலே கஜு, உள்ளே துளை துளையாய், ஏலக்காய் சரியான அளவு. ஜெலிக் கதையைச் சொன்னதும் சிரித்தார். "பக்கெட்டை விட்டுட்டு கடற்பாசி காய்ச்சுங்க தங்கச்சி, நோன்புக்கு நாங்க அதுதானே." கடற்பாசி என்றால் கடைகளில் அகர் அகர் என்று விற்கிற காய்ந்த நார். அதில் பத்துக் கிராமை ஊறவைத்து, ஒரு லீற்றர் தண்ணீரில் நார் ஒன்றும் தெரியாமல் கரையும்வரை காய்ச்ச வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் அடியில் நூல் நூலாகக் கிடக்கும். சீனி போட்டு, இறக்கிய பிறகுதான் புளிப்பான பழச்சாறு விட வேண்டும், சேர்த்துக் கொதிக்க வைத்தால் பிடிக்காது. கடற்பாசியில் புரதம் இல்லை, அதனால் அன்னாசியின் பருப்பு அதனிடம் வேகாது. பிரிட்ஜும் வேண்டாம், மேசையில் வைத்தாலே இறுகும், இந்தக் கச்சான் வெக்கையிலும் இளகாது. இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் பக்கெட் வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் பௌர்ணமி விடுமுறை. சந்தியில் தன்சல் என்கிற இலவசப் பந்தல், ஐஸ்கிறீமுக்கு வரிசை வளைந்து போயிருந்தது. நான் வெயிலுக்குப் பயந்து வீட்டில்தான்.

இன்றைக்கு ஒரு விஷயம் கண்டேன், எழுதாமல் விட்டால் மறந்துபோகும். அம்மா ரீவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் விளம்பரம் வந்த உடனே றிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடக்கினார், நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கினார், மடியில் கிடந்த புத்தகத்தைத் திறந்தார். கோணேசர் கோயில் விபூதிக் கடதாசிதான் பக்க அடையாளம். நாடகம் திரும்பி வந்ததும் கடதாசியை வைத்து மூடிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். யாரோ அழுதார்கள், யாரோ கதவைப் படாரென்று சாத்தினார்கள், மறுபடி விளம்பரம், மறுபடி கண்ணாடி. இப்படி எவ்வளவு வாசிப்பீர்கள் என்று கேட்டேன். "ஒரு நாளைக்குப் பதினைஞ்சு பக்கம் வரும்." நானும் எண்ணிப் பார்த்தேன், பதினேழு. இருநூறு பக்க நாவலை இரண்டு கிழமையில் முடிக்கிறார். நான் ரீவியைத் திட்டித் திட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு என்ன செய்கிறேன்? போன் பார்க்கிறேன். பழி மட்டும் ரீவிக்கு.

அவர் வாசிக்கிறது எழுபதுகளில் வந்த வீரகேசரிப் பிரசுர நாவல்கள். றங்குப்பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு கிடக்கிறது. அந்தக் காலம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள், தொடர்கதைக்குப் பழகின கை சும்மா இருக்குமா, உள்ளூர் நாவல்கள் மடமடவென்று வந்தன. அம்மா அப்போது கொன்வென்டில் படிக்கிற பிள்ளை. ஒரு புத்தகம் ஒழுங்கையில் எட்டு வீடு சுற்றி, அட்டை கழன்று வருமாம். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோதும் இங்கே ஒரு வீட்டில்தான் ரீவி, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களில் அம்மாவும் ஒருவர், கக்கத்தில் புத்தகத்தோடு. இப்போதும் அதே ஆள்தான், கதிரை மட்டும் கிடைத்திருக்கிறது.

ஜூன் 11, புதன்

ஒன்றும் வாசிக்கவில்லை. போன். யாரோ பப்பாப்பழக் கேக் செய்கிற வீடியோ, அதன் பிறகு இன்னும் நாற்பது. மணி பன்னிரண்டு.

ஜூன் 14, சனி

கடற்பாசி இறுகியது! அன்னாசி பச்சையாகவே போட்டேன், வேண்டுமென்றே. தட்டைத் தட்டினால் குலுங்குகிறது, கத்தி வைத்தால் விளிம்பு நேராக நிற்கிறது. மேலே தேங்காய்ப்பாலில் இன்னொரு அடுக்கு ஊற்றினேன், முதல் அடுக்கு முழுதாக இறுகமுன் ஊற்றினால்தான் இரண்டும் ஒட்டும், கொஞ்சம் பிந்திவிட்டேன், எடுக்கும்போது மேலடுக்கு வழுக்கிக்கொண்டு தனியாகப் போனது. ருசிக்குக் குறையில்லை. ராத்தாவுக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன்.

கிண்ணியா எருமைத் தயிரும் ஒரு சட்டி வாங்கி, இரவே துணியில் கட்டித் தண்ணீர் வடியத் தொங்கவிட்டிருந்தேன். அதில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இரண்டைப் பிசைந்து, சீனி ஒரு கரண்டி, ஏலக்காய் ஒரு நுள்ளு. இதற்கு அடுப்பே வேண்டாம். என்னைக் கேட்டால் கடற்பாசியைவிட இதுதான் ஒரு படி மேல், மாம்பழம் முடிவதற்குள் இன்னும் இரண்டு தரமாவது செய்ய வேண்டும்.

புத்தக விஷயம். அம்மாவின் நாவலில் கடைசி நாலு பக்கம் கறையான் தின்றுவிட்டது. நூலகம் இணையத்தளத்தில் பழைய ஈழத்து நூல்களை ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள், 2005இல் இருந்து செய்கிற வேலை, காசும் இல்லை, தேடிப் பார்க்கட்டுமா என்றேன். "தேடு, ஆனா முடிவை எனக்குச் சொல்லிப்போடாதை" என்றார். போனில் தேடத் தொடங்கி, வழியில் வேறொரு பழைய சஞ்சிகையில் மாட்டிக்கொண்டேன், இருபது பக்கம் போயிருக்கிறது.

ஏழரைக்கு நாடகம். முதல் விளம்பரம் வந்ததும் அம்மா சத்தத்தை அடக்கினார். நான் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டேன். நகராமலே, "கரண்டி கொண்டு வந்தனியே?" என்று கேட்டார்.