கலைக்கப்படும் நிறுவனம்

1919-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு பரப்பிய முறையில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பங்குகளை விற்று முதல் திரட்டி, ஒரு பொருளைத் தயாரித்து விற்று, இறுதியில் கணக்கு முடித்து அந்த நிறுவனத்தையே கலைத்துவிடுகிறார்கள். இந்தக் கலைத்தல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பங்கு வாங்கிய அத்தையிடம், போட்ட பணம் ஏன் குறைந்தது என்று விளக்க நேரும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அடக்கவிலை என்பது வெறும் பாடநூல் சொல்லாக இருக்காது.

சமூகத் தொழில்முனைவை, அதாவது ஒரு சமூகச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே தொழில் தொடங்குவதை, கற்பிப்பது இதைவிடக் கடினம். அங்கே பணம் கொடுப்பவர் ஒருவராகவும் பயன் பெறுபவர் வேறொருவராகவும் இருப்பதுண்டு. ஆனால் மாணவர்கள் இத்தகைய தொழில் யோசனைகளை முன்வைக்கும் போட்டிகளில் (நடுவர்களான எங்கள் தவறும் இதில் உண்டு) பயனாளி ஒருவரிடம்கூடப் பேசாத குழு, அழகான ஐந்து நிமிட உரையால் பரிசை வாங்கிச் சென்றுவிடுகிறது.