சைகோனின் ஊர்த்தெய்வம்

வியட்நாமின் சைகோனில் மாரியம்மனைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் பென் தான் சந்தைக்கு வழி கேட்டு வந்துவிட்டால் போதும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1914இல் திறந்த அந்த மணிக்கூண்டுச் சந்தையிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ட்ருவோங் தின் தெரு, 45ஆம் எண். ஊரின் பெயர் 1976இலேயே ஹோ சி மின் நகரம் என்று மாறிவிட்டது. ஆனாலும் இங்கே இருக்கிறவர்கள் வாயில் வருவது சைகோன்தான். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பையிங் ஹவுஸ், இங்குள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பதற்காக என்னை ஒப்பந்த அடிப்படையில் அனுப்பியது. ஆற்றுக்கு அக்கரையில், தாவ் தியேன் பகுதியில் சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. தொழிற்சாலையில் எனக்கு மொழிச் சிக்கல் அதிகம் இல்லை. தையல் பிரிந்திருக்கும் இடத்தில் விரலை வைத்தால் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் புரிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரமம். அம்மா இறந்து ஓராண்டு நிறைவதற்குள் வந்த பயணம் இது. தலைத்திவசம் முடியட்டும், பிறகு போகலாம் என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். விசா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வந்த புதிதில் காய்ச்சலில் படுத்தபோது, "கஞ்சி வைத்துக் குடித்தாயா" என்று கேட்க ஆளில்லாத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

தமிழ்ச் சத்தம் காதில் விழும் என்ற ஆசையில்தான் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கோயிலுக்குக் கிளம்பினேன். 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ, தாவ் தியேனிலிருந்து ஆற்றைக் கடந்து, பிறகு தரைக்கடியில் இறங்கி, பென் தானில் கொண்டுவந்து விட்டது. மேலே ஏறி வந்தால் மழை. இங்கே மே மாதம் தொடங்கினால் நவம்பர் வரை மழைக்காலம். பிற்பகலில் திடீரென்று கொட்டும், திடீரென்று நிற்கும். வாசலில் பூ விற்கும் பெண்மணி தன் குடையை என் பக்கமும் நீட்டினார். அவரிடம் மல்லிகை இருந்தது. நம் ஊரைப்போல் தொடுத்த சரம் அல்ல, தட்டில் உதிரியாகக் கிடந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நுழைந்ததும் இடப்புறம் ஒரு சிம்மம். முன்பெல்லாம் ஆண்டுக்கொருமுறை இந்தச் சிம்மத்தை நகர வீதிகளில் ஊர்வலமாகக் கொண்டுபோவார்களாம். நடுவில் கருவறை. அம்மன் பூக்களுக்குள் முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் மதுரைவீரன், மறு பக்கம் பேச்சியம்மன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாரியை எதிர்பார்த்துத்தான் போனேன், பேச்சியை அல்ல. வெளிநாட்டுக் கோயில் என்றால் விநாயகர் இருப்பார், முருகன் இருப்பார், பெருமாளும் சிவனும் இருப்பார்கள். பேச்சியை யார் கடல் தாண்டிக் கொண்டுபோவார்கள்? பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்குக் காவல் நிற்கிறவள் அவள். அவள் இங்கே இருக்கிறாள் என்றால், இந்த ஊரில் தமிழ்ப் பெண்கள் வயிற்றுப் பிள்ளையோடு பயந்திருக்கிறார்கள், வலி கண்டபோது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது. இங்கே கடன் கொடுக்க வந்த நகரத்தாரின் வட்டிக்கணக்குப் புத்தகங்களில் அந்தப் பெண்களின் பெயர் இருக்காது. பேச்சியின் காலடியில் இருந்திருக்கும்.

தமிழ் மட்டும் எங்கும் கேட்கவில்லை. அத்தனை பேரும் வியட்நாமியர்கள். அலுவலகத்திலிருந்து நேராக வந்த இளம்பெண்கள், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிய பையன்கள், சீன வம்சத்துப் பாட்டிமார்கள். கட்டுக்கட்டாக ஊதுவத்தியை இரு கைகளாலும் நெற்றிக்கு நேரே உயர்த்தி, தலையைத் தாழ்த்தி வணங்குகிறார்கள். லில்லியும் கிளாடியோலஸும் கொண்டுவந்து வைக்கிறார்கள். கல்யாணம், குழந்தை, வியாபாரம், வழக்கு என்று கேட்காத வரம் இல்லை. 'சுவா பா ஆன்', அதாவது இந்திய அம்மனின் கோயில், என்றால் இந்தக் கோயிலைக் காட்டாத ஆள் இந்தப் பகுதியில் கிடையாது.

வலம் வரும்போது கருவறையின் பின்புறத்தில் சிறு கூட்டம் நின்றது. ஒவ்வொருவராக முன்னே போய், கற்சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து, நெற்றியைச் சாய்த்து, உதடுகள் கல்லில் படும் அளவுக்கு நெருங்கி முணுமுணுக்கிறார்கள். அம்மனின் காதுக்கு அது மிக அருகில் இருக்கும் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. முன்னால் நின்று சொல்வது கூட்டத்தோடு சொல்வது, பின்னால் சொல்வது அவளுக்கு மட்டும். ஒரு முதியவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்தினார், மறந்ததை நினைவுபடுத்திக்கொண்டவர்போல் மறுபடி தொடர்ந்தார். வரிசையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் அன்று அந்த வரிசையில் நிற்கவில்லை. வழக்கம்போல் சந்நிதியில் மனதுக்குள் வேண்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆனால் அந்த முதியவர் பேசிய விதம் ரயிலில் என்னோடு வந்தது.

பிறகு விடுமுறை நாள்களில் எல்லாம் அந்தப் பகுதியில் சுற்றத் தொடங்கினேன். பிரெஞ்சுக்காரர்கள் 1859இல் சைகோனைப் பிடித்த பிறகு, அவர்கள் ஆட்சி நிலைபெற நிலைபெறத் தமிழர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்தவர்கள் அரசு வேலைகளில் அமர்ந்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார் மேகோங் கழிமுகத்து நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். தோன் தாத் தியெப் தெருவில் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே மாடியில் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. நாம் கி கோய் ங்கியா சாலையில் சுப்பிரமணிய சுவாமிக்கு இன்னொரு கோயில். தோங் து தெருவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல். போன இடத்தில் முதலில் வழிபாட்டுக்கு இடம் தேடியவர்கள் அவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாரியம்மனுக்கும் அப்படித்தான் இங்கே இடம் அமைந்தது.

வியட்நாம் போர் முடிந்து ஆட்சி மாறிய 1975க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அம்மன் போகவில்லை.

இதை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. பிழைக்கப் போகிறவர்கள் தங்கள் சாமியைப் பிடிமண்ணாக எடுத்துப் போவார்கள். பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண், புதிய இடத்தில் அதன்மேல் ஒரு பீடம். போன இடத்தில் சனம் கலைந்துவிட்டால் பீடம் புதர் மூடிப்போகும். அப்படி மூடிப்போனவற்றை எங்கள் லால்குடிப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். இங்கே மூடவில்லை. அவள் பாஷை தெரியாத, அவள் கதை தெரியாத, நம் நாள் கிழமை எதுவும் அறியாத மக்கள் விளக்கை அணையவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக இந்த ஊர்ப் பெண்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

இங்கே வேலைக்கு வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றோடு பின்னால் பழக்கம் ஏற்பட்டது. நல்லவர்கள், வீட்டுக்குக் கூப்பிட்டு ரசம் சாதம் போட்டவர்கள். அவர்களில் ஓர் அக்கா, "அந்தக் கோயிலுக்கா போகிறாய்? எல்லாம் ஊதுவத்திப் புகை, நம் முறைப்படி ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லையே" என்றார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. வெளியூரில் இருக்கும்போது பழகிய மணம், பழகிய ஓசை வேண்டியிருக்கிறது. ஆனால் மாரியம்மன் விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை, அவரிடமே சொன்னேன்.

குலதெய்வம் பங்காளிகளுக்குச் சொந்தம். எங்கே போனாலும் வம்சத்தோடு போகும். மாரி ஊர்த்தெய்வம். அவளுக்கு எல்லை உண்டு, வம்சம் கிடையாது. எங்கள் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், ஊர்க்காரர்கள் இரவு வெளியே தங்கக் கூடாது. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் விருந்தாளியாக வந்து ஊருக்குள் இருப்பவருக்கும் அதே கட்டுதான். அவர் எந்த ஊர், என்ன சாதி, எத்தனை நாள் தங்குவார் என்று அவள் கேட்பதில்லை. எல்லைக்குள் மூச்சு விடுகிறவர் எல்லாரும் அவள் பொறுப்பு. அம்மை போட்டால் எல்லாருக்கும் போடும், இறங்கினால் எல்லாருக்கும் இறங்கும். அப்படியென்றால் சைகோனில் உட்கார்ந்தவளுக்குச் சைகோன்காரர்கள்தானே முதல் பிள்ளைகள்? ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்டப் போகும் நான், காப்புக் கட்டிய ஊரில் மாட்டிக்கொண்ட விருந்தாளி. என்னையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். அவளை எனக்குச் சொந்தமென்று நான் கேட்க முடியாது. அந்த அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்த வாரம் நானும் வருகிறேன்" என்றார். வந்தார்.

ஆவணியில் 'வூ லான்' வந்தது. அவர்களுடைய சந்திரக் கணக்கில் ஏழாம் மாதத்துப் பௌர்ணமி. பெற்றவர்களையும் இறந்தவர்களையும் நினைக்கும் நாள். அன்று தாய் உயிரோடு இருப்பவர்கள் சட்டையில் சிவப்பு ரோஜா குத்திக்கொள்கிறார்கள், தாயை இழந்தவர்கள் வெள்ளை ரோஜா. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் லைன் சூப்பர்வைசர் பெண் இரண்டு நிறத்திலும் கொண்டுவந்திருந்தாள். என் எதிரில் வந்து நின்று, கைப்பேசியில் தட்டி ஆங்கிலத்தில் காட்டினாள்: உங்கள் அம்மா இருக்கிறார்களா? நான் வெள்ளைப் பூவைத் தொட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் அதைக் குத்திவிட்டு, தன் சட்டையைக் காட்டினாள். அவளுக்கும் வெள்ளை.

அன்று மாலை கோயிலில் நிற்க இடமில்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இவர்களுக்கு விசேஷம். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வந்துவிடும். அந்த நாள்களில் பலர் இறைச்சி மீன் தொடாமல் சைவச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். எனக்கு அம்மாவின் விரதம் நினைவுக்கு வந்தது. அம்மா சமயபுரத்தாளின் அடிமை. மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கினால், அங்கே அம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி இருப்பாள். அந்த நாள்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம் போன்றவைதான் நைவேத்தியம். மற்றக் கோயில்களில் மனிதர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள், எங்கள் தாயி நமக்காக இருக்கிறாள், அவள் சாப்பிடாதபோது நான் எப்படிச் சாப்பிடுவது என்று அம்மாவும் ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொள்வார். சர்க்கரை நோய் வந்த பிறகும் விடவில்லை. மருத்துவர் சொல்லியும், நான் சண்டை போட்டும் கேட்கவில்லை.

சந்நிதியில் கும்பிட்டுவிட்டு அன்று பின்சுவர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. அவர் பேசி முடித்துவிட்டுத் திரும்பியபோது என் சட்டையில் இருந்த வெள்ளைப் பூவைப் பார்த்தார். என் கையை எடுத்துத் தன் கையால் சுவரில் வைத்துவிட்டு விலகினார்.

வாய் திறந்து சாமியிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்று பேசினேன். தமிழில், சத்தமாகவே. காய்ச்சலைச் சொன்னேன். அண்ணன் தனியாகத் திவசத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருப்பதைச் சொன்னேன். இங்கே கிடைக்கும் அரிசியில் கஞ்சி குழைந்துபோகிறது என்பதைக்கூடச் சொன்னேன். அம்மாவிடம் தொலைபேசியில் தினமும் சொல்லியிருக்கக் கூடியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பின்னால் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. என்ன செய்கிறேன் என்பது நன்றாகப் புரிந்திருக்கும். வேண்டுதல் என்று ஒன்றும் வைக்கவில்லை, கேட்க மறந்துவிட்டது. வெளியே வந்தபோது மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருந்தது. அவள் கேட்டாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலையாகவோ சுற்றுலாவாகவோ இங்கே வருகிறவர்கள், கூட்டம் இருக்காது என்று சாதாரண நாளாகப் பார்த்துப் போகாதீர்கள். பௌர்ணமியன்று போங்கள். காலையில் தெண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டு மாலையில் மாரியிடம் வரலாம், இரண்டும் பக்கம்தான். பூவை வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. பேச்சியம்மனுக்கும் ஒரு பங்கு வையுங்கள். பின்சுவரில் உங்கள் முறை வரும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள்.