சித்தி கேட்ட கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த சித்தி திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டாள்: "சாமி இல்லைன்னு வாராவாரம் கூடிப் பேச அப்படி என்னடி இருக்கு?" குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வந்து சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். உறையூர் போய்ச் சேரும்வரை அந்தக் கேள்விதான் மனசுக்குள் ஓடியது.

சாமியைப் பற்றி நாங்கள் கடைசியாக எப்போது பேசினோம் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. இல்லை என்று முடிவு செய்த விஷயத்தைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது? நாங்கள் பேசுவதெல்லாம் அம்மா, மாமியார், தங்கை கல்யாணம், செத்தவர்களுக்குக் காரியம், பிள்ளைக்கு வைக்கும் பெயர் இவற்றைப் பற்றித்தான்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் மொட்டை மாடியில் கூடுவோம். ஆறேழு பேர் வருவார்கள். லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு ஆயுத பூஜை வந்தால் சங்கடம். லேத்துக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கிற அந்த ஒரு நாள் அவரிடம் வேலை பார்க்கிறவர்களுக்குத் திருவிழா. அதை நிறுத்த அவருக்கு மனசு வராது, தட்டைத் தொட்டுக் கும்பிடவும் வராது. பொரிகடலையும் போனஸும் கையில் கொடுத்துவிட்டு, கற்பூரம் காட்டும் நேரம் வாசலில் போய் நிற்பார். அதுதான் சரி என்று நான் சொல்வேன்.

இந்த வருஷம் நாங்கள் அதிகம் பேசியது, எங்களோடு கூடுகிற, நாங்கள் தங்கை என்று கூப்பிடுகிற நர்ஸ் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி. அவள் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம். பையன் இந்துக் குடும்பம். இரண்டு பேருக்கும் நம்பிக்கை கிடையாது. சுயமரியாதைத் திருமணம் செய்து அப்படியே பதிவு செய்துவிடலாம் என்று சந்தோஷமாக வந்தாள். டீச்சர்தான் சட்டத்தை எடுத்துச் சொன்னார். 1967-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம். உற்றார் நண்பர் முன்னால், தங்களுக்குப் புரிகிற மொழியில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் செல்லும், மோதிரம் போட்டாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பல வருஷமாகப் "பிள்ளைகளுக்குச் சொத்து வருமா வராதா" என்று தவித்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று டீச்சர் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிடும்.

ஆனால் அந்தப் பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்கு மட்டும்தான்.

"நாங்க ரெண்டு பேருமே சாமி இல்லைங்கறோம். அப்புறம் எதுக்கு டீச்சர் எங்களை அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பிரிச்சு வைக்கறாங்க?" என்று கேட்டாள். எங்கள் யாரிடமும் பதில் இல்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. நம்பிக்கையை விட்டாலும் பிறந்த மதம் நம்மை விடுவதில்லை, சட்டப் புத்தகத்தில் கூட.

மிச்சம் இருந்த வழி 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதிவு அலுவலகப் பலகையில் பெயரும் விலாசமும் முப்பது நாள் தொங்கும். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்கிறவர்களுக்கு அந்த முப்பது நாள் என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைத்தான் பேசினோம். அவள் எங்கே தங்குவது, அப்பா வந்து சத்தம் போட்டால் யார் பேசுவது, மூன்று சாட்சிக் கையெழுத்து யார் போடுவது. டீச்சர், பட்டறை அண்ணன், நான் என்று முடிவாயிற்று. கடைசியில் அவளே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா மட்டும் வந்து, ஓரமாக நின்று, கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பக்கத்தில்தான் நான் நின்றேன். வேறு எங்கே நிற்பது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அடிக்கடி பேச்சில் வரும். 2011 கணக்கெடுப்புக்கு டீச்சர் வீடு வீடாகப் போனவர். "பேரைச் சொன்ன உடனே மதத்தை எழுதிடுவோம்மா. கேக்கவே தோணாது" என்றார். அந்தக் கணக்கில் நாடு முழுக்க மதத்தைச் சொல்லாதவர்கள் சுமார் 29 லட்சம் பேர். 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது மதம் இல்லை என்று நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

அப்போதும் ஒருவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிற பையன். (அவனைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரிகிற எதையும் எழுதவில்லை.) முஸ்லிம் குடும்பம். வெள்ளிக்கிழமை தவறாமல் பள்ளிவாசலுக்குப் போகிறான். "வரிசையில நிக்கறேன் அக்கா. நெத்தி தரையில படுது, மனசு எங்கயோ இருக்கு" என்று ஒரு நாள் சொன்னான். அவன் தங்கைக்கு இன்னும் நிக்காஹ் ஆகவில்லை. அதற்கு ஜமாஅத்தில், அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தில், கடிதம் வாங்க வேண்டும். உம்மாவுக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அவனுடைய முதல் கவலை அதுதான்.

இன்னொரு பயமும் உண்டு. 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக்கை வெட்டிக் கொன்றார்கள். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். தம்பி அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. யாராவது சொன்னால் எழுந்து போய்க் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றுகொள்வான்.

நான் பதினேழு வயசில் விபூதி வைப்பதை நிறுத்தினேன். அம்மா ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான். அதை ரொம்ப நாள் என் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1925-இல் பெரியார் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து யார் யாரோ கல்லடியும் செருப்படியும் பட்டுப் போட்டுக் கொடுத்த பாதையில் நடந்தேன் என்பது, தம்பியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அவன் வீட்டு வாசலிலிருந்து அப்படி ஒரு பாதை இன்னும் போடப்படவில்லை. "ஏன் மறைக்கிறாய்" என்று அவனிடம் எங்கள் மாடியில் யாரும் கேட்கக் கூடாது என்று நான் கறாராகவே சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் சமயபுரத்துப் பச்சைப் பட்டினியும் ஒன்றாக வந்தன. பச்சைப் பட்டினி என்றால், பக்தர்களுக்காக மாரியம்மனே 28 நாள் விரதம் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு (வெல்லம் கலந்த பச்சரிசி மாவு), இளநீர், பானகம், நீர்மோர்தான். அம்மாவும் விரதம் இருப்பாள். முழங்கால் தேய்ந்துபோனதால் மூன்று வருஷமாக நான்தான் கூட்டிப் போகிறேன்.

கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் கேட்டான்: "உள்ள வரைக்கும் போனா கும்பிட்ட மாதிரிதானே அக்கா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் கை கூப்பவில்லை, திருநீறு வாங்கவில்லை. வரிசையில் இரண்டு மணி நேரம் அம்மாவின் தோளைத் தாங்கிக்கொண்டு நின்றேன். சந்நிதி முன்னால் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தடுமாறும்போது தம்பிதான் பேசினான். "கூட்டத்துல கையை விட்டா அம்மா விழுந்துருவாங்கடா." அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்றைக்கு அம்மா துள்ளுமாவு கொடுத்து அனுப்பியிருந்தாள். எல்லோரும் அங்கேயே சாப்பிட்டோம். தம்பி தன் பங்கை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். உம்மா நோன்பு இருக்கும்போது வெளியே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியவில்லை என்று இந்த மாசம் முழுக்க அவனும் நோன்பு பிடிக்கிறான்.

போன ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்து சித்தியிடம் நர்ஸ் தங்கை கதையையும் பட்டறை அண்ணன் கதையையும் சொன்னேன். தம்பியைப் பற்றி, நோன்புக்காரப் பிள்ளை ஒருவன் மாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனான் என்பதை மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மா அடுக்களையிலிருந்து, "நோன்பு திறக்கறப்ப இனிப்பா இருந்தா நல்லதுதானே. அடுத்த வாரம் வெல்லம் கொஞ்சம் கூடப் போட்டுத் தரேன், தனி டப்பாவுல கொண்டு போய்க் குடு" என்றாள்.