தம்பிக்கு வந்த ஏ.பி.எல்.லும், வேலூர்ல எங்களைப் பாத்த பெரிய டாக்டரும்

என் தம்பிக்கு ஏ.பி.எல்.னு (அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா) ஒரு வகை ரத்தப் புற்றுநோய் வந்து வேலூர் சி.எம்.சி.ல வைத்தியம் பாத்தோம், இப்ப நல்லா இருக்கான். இதே பேரை ரிப்போர்ட்ல பாத்துட்டு ராத்திரி முழுக்க ஃபோன்ல தேடிட்டு இருக்கறவங்களுக்காகத்தான் எழுதறேன்.

பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம், கால்ல அங்கங்க நீலமா கன்னிப்போன திட்டு, இவ்ளோதான் ஆரம்பம். போளூர் பக்கம் எங்க ஊர்ல பிளேட்லெட் கம்மி, டெங்குவா இருக்கும்னு மாத்திரை குடுத்தாங்க. லேப்ல ரத்தத்தை மைக்ராஸ்கோப்ல பாத்த அம்மாதான் "இன்னைக்கே வேலூர் கிளம்புங்க, நாளைக்குன்னு வெக்காதீங்க"ன்னு சொன்னாங்க. அந்தம்மா புண்ணியம். ஏன்னா இந்த நோய்ல பெரும்பாலும் உயிர் போறது முதல் சில நாள்ல மூளையிலயோ நுரையீரல்லயோ வர்ற ரத்தக்கசிவுலதான், அந்தக் கண்டத்தைத் தாண்டிட்டா ரத்தப் புற்றுநோய்லயே நல்லா குணமாகறதுல இதுவும் ஒண்ணு.

வார்டுல எல்லாரும் பெரிய டாக்டர்னு சொல்ற ஒருத்தர், ரிடயர் ஆகப்போற வயசு, வந்ததும் ஃபைலைத் திறக்கல. ஸ்டூலை இழுத்துப் போட்டு தம்பி பக்கத்துல உக்காந்தாரு, டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பாத்தாரு, லுங்கியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி முழங்காலுக்குக் கீழ தடவிப் பாத்தாரு, தலை வலிக்குதாப்பான்னு ரெண்டு தடவ கேட்டாரு. எலும்பு மஜ்ஜை ரிசல்ட் முழுசா வர்றதுக்குள்ளயே அட்ராங்கற (ATRA, வைட்டமின் ஏ வகை மருந்து) கேப்சூல் ஆரம்பிச்சுட்டாங்க, இந்த நோய்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்கக் கூடாதாம். அப்புறம் ஒரு பேப்பர்ல 15, 17னு ரெண்டு குரோமோசோம் வரைஞ்சு, ரெண்டும் துண்டு மாறி ஒட்டிக்கிச்சு, அதனால வெள்ளை அணு வளராம பிஞ்சிலயே நின்னுடுது, மருந்து அதை வளர வெக்கும்னு அம்மாவுக்கும் புரியற மாதிரி சொன்னாரு.

சொல்லிட்டு அம்மாகிட்ட கேட்டாரு, "நிலத்தை வித்துட்டீங்களாம்மா?" "இன்னும் இல்லீங்கய்யா, ஆள் பாத்து வெச்சிருக்கோம்." "விக்காதீங்க. முதல்ல சோஷியல் வொர்க்கரைப் பாருங்க, மொத்தம் எவ்ளோ ஆகும்னு எழுதித் தரச் சொல்றேன்." ஒரு டாக்டர் எங்க நிலத்தைப் பத்திக் கவலைப்பட்டது எனக்கு சாகற வரைக்கும் மறக்காது.

அந்தப் பழக்கம் அந்த டிபார்ட்மெண்ட்ல எங்கிருந்து வந்துச்சுன்னு அப்புறம்தான் படிச்சேன். இந்தியாவுல முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1983ல மும்பை டாட்டா மெமோரியல்ல டாக்டர் சுரேஷ் அத்வானி பண்ணது, சின்ன வயசுல போலியோ வந்து வீல்சேர்லயே வேலை பாத்தவர் அவர். வேலூர்ல 1986ல அதைத் தொடங்குனது டாக்டர் மாம்மன் சாண்டி, 2019ல பத்மஸ்ரீ வாங்குனவர். அவரும் அவர்கூட இருந்தவங்களும், கீமோ செலவைத் தாங்க முடியாத ஏ.பி.எல். நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டும் குடுத்துப் பாத்தாங்க, மருந்தையும் ஆஸ்பத்திரி ஃபார்மஸியிலயே தயாரிச்சாங்க. 2006ல 72 பேரோட கணக்கை வெளியிட்டப்போ சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்துச்சு. ஏழைங்க வைத்தியம் பாக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கூடாதுன்னு யோசிச்ச யோசனை அது, என் தம்பி அந்த வழியில பொழைச்சவன்.

தம்பிக்கு ஆர்செனிக் ஏத்தப்போறாங்கன்னு கேட்டதும் அம்மா "வெஷமாச்சே"ன்னு அழுதுட்டாங்க, அளவுதான் மருந்துன்னு நர்ஸ் புரிய வெச்சாங்க. தினமும் ரெண்டு மணி நேரம் டிரிப்ஸ், அடிக்கடி ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம் டெஸ்ட், ஏன்னா இந்த மருந்து இதயத்துடிப்பைத் தடுமாற வெக்கலாம். தினமும் எடை பாப்பாங்க, அதை லேசா எடுத்துக்காதீங்க. தம்பிக்கு திடீர்னு எடை ஏறி மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, நர்ஸ் உடனே கூப்பிட்டாங்க, அன்னைக்கே ஸ்டீராய்டு ஊசி போட்டு சரி பண்ணாங்க. வெள்ளை அணு வளரும்போது அப்படி வருமாம், லேட் பண்ணா உயிருக்கே ஆபத்து.

நோய் அடங்குனதும் அட்மிஷன் வேணாம், லாட்ஜ்ல தங்கி காலையில வந்து டிரிப்ஸ் போட்டுட்டுப் போங்கன்னுட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு எதிர் சந்துல எல்லாம் பெங்காலிக் குடும்பங்கதான், பக்கத்து ரூம் அக்கா கஞ்சி வெச்சா எங்களுக்கும் ஒரு டம்ளர் வரும். பாஷை தெரியாமலே அம்மாவும் அவங்களும் மணிக்கணக்கா பேசுனாங்க.

போறவங்க பழைய ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியா எடுத்துட்டுப் போங்க, ரத்தமும் பிளேட்லெட்டும் குடுக்க சொந்தக்காரப் பசங்களை முன்னாடியே தயார் பண்ணி வெச்சுக்கங்க. ஹெமட்டாலஜி, அதாவது ரத்த நோய்ப் பிரிவு, இப்ப சி.எம்.சி.யோட ராணிப்பேட்டை கேம்பஸ்ல இருக்கு, வேலூர் டவுன்ல இறங்கித் தேடி நேரத்தை விட்டுடாதீங்க.